சாமிக்கு விட்ட முதல் ஜோடி

எனக்கு முன்கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் பாதிக் கதையில் என்னைத் திட்டிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்து, டெலிபோன் இலாகாவில் மெக்கானிக்காகச் சேர்ந்து, எழுபதாம் வருஷம் காஞ்சிபுரம் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்று நம்புகிற வயது. அடுத்த வருஷம் கார்த்திகை மாசத்தில் கோதண்டபாணியை நடுத்தெருவில் நிற்க வைத்து நான் போட்ட சத்தத்தை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கோதண்டபாணி கேபிள் பிணைக்கிறவன். மண்ணுக்குள் போகிற கேபிளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஈயக் குழாய், அதற்குள் காகிதம் சுற்றிய செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக. ஒரு டெலிபோனுக்கு ஒரு ஜோடி. மழைத் தண்ணீர் புகுந்துவிட்டால் காகிதம் ஊறி, சாயம் கரைந்து, எல்லா ஜோடியும் ஒரே அழுக்கு நிறமாகிவிடும். எது யாருடையது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காதால் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பெட்டி இருந்தது. டிபன் டப்பா அளவு, உள்ளே இரண்டு பேட்டரிக் கட்டை. எக்ஸ்சேஞ்சில் ஒரு ஜோடியின் முனையில் அதை மாட்டினால், அந்த ஜோடி நெடுக ஞொய் என்று ஒரு சத்தம் ஓடும். தெருவில் குழிக்குள் இருப்பவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதோடு சேர்ந்த ஊசியால் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுக்கொண்டே வருவான். எங்கே சத்தம் கேட்கிறதோ அதுதான் நான் இங்கே தொட்ட ஜோடி. இலாகா புத்தகத்தில் இதற்கு டோன் என்று பேர். காஞ்சிபுரத்தில் வண்டு.

"வண்டு உடு சார்" என்பான் கோதண்டபாணி, பேசுகிற லைனில். "ஆங், வந்துட்டுது. அடுத்தது உடு."

அவன் காது ஓர் அதிசயம். ஈரக் கேபிளில் சத்தம் பக்கத்து ஜோடிகளுக்கும் கசியும். நாலைந்து ஜோடியில் ஒரே மாதிரிதான் கேட்கும் எனக்கு. அவன் கண்ணை மூடிக்கொண்டு, "இது வண்டு இல்ல சார், வண்டோட நெழல்" என்று தள்ளிவிட்டுச் சரியான ஜோடியைப் பிடித்துவிடுவான். இத்தனை இருந்தும் ஒன்பது வருஷமாக அவன் தினக்கூலிதான். வேலை இருக்கிற நாளுக்கு மஸ்டர் ரோல் என்கிற கூலிப் பட்டியலில் பேர் ஏறும், இல்லாத நாளைக்கு வீட்டில் உட்கார வேண்டும். அந்த வருஷம்தான் நிரந்தரமாக ஒரு ஜாயின்டர், அதாவது கேபிள் பிணைக்கிற வேலை வந்தது. மதராஸிலிருந்து என்ஜினீயர் யேசுதாஸ் வந்து, கடைசியாகப் பிணைத்த கேபிளைச் சோதித்துப் பார்த்து ஆளை எடுப்பார் என்று கடிதம் வந்திருந்தது. வயது வரம்பு முப்பத்தைந்து. கோதண்டபாணிக்குத் தை பிறந்தால் முப்பத்தைந்து தாண்டுகிறது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான், பிறகு இலாகா வாசலில் அவனுக்குப் பேரே இல்லை.

அவன் சொந்த ஊர் திருப்புட்குழி. கொஞ்சம் நிலம் இருந்து, பங்காளிகள் பெருகிப் பங்கு பிரிந்து போய், செவிலிமேட்டில் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தான். அவன் மனைவி செல்லியம்மாளும் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள்தான். கல்யாணமாகி வந்த பிறகு சின்ன காஞ்சிபுரத்தில் வடிவாம்பாள் வீட்டுத் தறிகளில் அச்சு பிணைக்கிற வேலை கற்றுக்கொண்டாள். பாவு என்றால் தறியின் நெடுக்கு இழைகள், அச்சு என்கிற சீப்பின் பற்களுக்குள் கோத்திருக்கும். பழைய பாவு முடிந்ததும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரே முறுக்கு. நாலாயிரத்துச் சொச்சம் இழை இருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

கார்த்திகையில் ஐந்து நாள் விடாத மழை. சின்ன காஞ்சிபுரம் போகிற ஐம்பது ஜோடிக் கேபிள் செத்துப்போனது. தெரு முக்கில் குழி தோண்டிப் பார்த்தால் பழைய பிணைப்புக்குள் தண்ணீர். திங்கட்கிழமை கோதண்டபாணியும் அவனுடைய உதவியாள் முனுசாமியும் குழிமேல் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தெருப் பக்கத்து ஐம்பது ஜோடியையும் அன்றைக்கே கண்டுபிடித்து, ஒன்றிலிருந்து ஐம்பது வரை எழுதிய காகிதச் சீட்டுகளை வரிசையாகக் கட்டிவிட்டான் கோதண்டபாணி. எக்ஸ்சேஞ்ச் பக்கத்து ஐம்பதுக்கு இன்னொரு கட்டுச் சீட்டு எழுதி வைத்துக்கொண்டான். மறுநாள் நான் வண்டு விட, அவன் சீட்டுக் கட்டி, இந்த ஒன்றை அந்த ஒன்றோடு, இந்த இரண்டை அந்த இரண்டோடு முறுக்கினால் வேலை முடிந்தது.

சாயங்காலம் ஈரம் போவதற்காகக் கம்பிகள்மேல் மெழுகு ஊற்றுகிற நேரத்தில் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் சரிந்து, கொதிக்கிற மெழுகுச் சட்டியில் கொட்டியது. வெடித்துத் தெறித்த மெழுகு கோதண்டபாணியின் இரண்டு கையிலும் விழுந்தது. மணிக்கட்டு வரைக்கும் வெந்து போய்விட்டது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. பிற்பாடு செல்லியம்மாளும் முனுசாமியும் சொல்லித்தான் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்கு வா, போலாம்" என்றிருக்கிறாள் அவள், வாழைக் குருத்தைக் கையில் சுற்றிக்கொண்டே.

"போனா சீட்டுல எழுதுவான். எழுதினா இலாகாவுக்குத் தெரியும். கை வெந்தவனுக்கு இன்னா டெஸ்ட்டுன்னு வேற எவன் பேரையாவது போட்டுடுவாங்க."

"அப்ப நாளிக்கு இன்னா பண்ணுவ? பல்லால பிணைப்பியா?"

முனுசாமி வாசலில் நின்று, "நான் பிணைச்சுடுவேன் அண்ணி, ஆனா எனக்கு ஈயம் மூடற வேலதான் வரும். நான் முறுக்கினா நாலு நாள்ல பிரிஞ்சுக்கும்" என்றிருக்கிறான்.

"எத்தினி கம்பி?"

"அம்பது ஜோடி. நூறு" என்றான் கோதண்டபாணி.

செல்லியம்மாள் சிரித்துவிட்டாள். "நூறா? நூறு இழைய நான் வெத்தல போட்டுத் துப்பறதுக்குள்ள முறுக்குவேன்யா. இதுக்கா கண்ணு கலங்கினு குந்தியிருக்கற?"

"அது பட்டு இல்ல செல்லி. செம்பு."

"செம்பு அறுந்து போவாது. இன்னும் சுலுவு. நீ கேட்டுக்கினு இரு, நான் தொட்டுக்கினு வரேன்."

"யாருனா பார்த்தா?"

"பார்த்தா இன்னா, புருசனுக்குச் சோறு கொண்டாந்தேன்னு சொல்றேன். சோறும் கொண்டாறேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் வடிவாம்பாள் வீட்டுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு, புடவைமேல் அவனுடைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். அவன் கையால் ஒன்றையும் தொட முடியாது. ஹெட்போனை அவள்தான் அவன் தலையில் மாட்டினாள். பேசுகிற கருவியை அவன் கழுத்தில் தொங்கவிட்டாள். ஹெட்போன் அவன் காதில். ஊசி அவள் கையில். அன்று பூராவும் அவர்கள் இருவரும் சேர்ந்துதான் ஓர் ஆள்.

எக்ஸ்சேஞ்சில் நான் முதல் ஜோடியில் பெட்டியை மாட்டினேன்.

"விட்டாச்சு கோதண்டம். ஒன்னு."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம்தான் கேட்டது. பிறகு அவன் குரல். "கெடச்சுது சார்." அதற்குப் பின்னாலேயே, சன்னமாக, ஒரு பெண் குரல்: "லாபம்."

"யாரது?"

"ஒன்னும் இல்ல சார். தெருவுல யாரோ. அடுத்தது உடு சார்."

தெருவில் யாரோ என்றால் தெருவில் யாரோதான். நான் இரண்டாவது ஜோடிக்குப் போனேன். அன்றைக்கு அவனுக்கு நல்ல ஜுரம். கையில் இருந்த எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வண்டு எங்கே வண்டு எங்கே என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தான். "இது நெழலு. தள்ளு. அடுத்தத தொடு. ஆங், இதான்." அவள் சீட்டைக் கட்டுவாள். பகலில் களி உருட்டி, கீரைக் குழம்பில் தோய்த்து அவன் வாயில் போட்டாள். ஐந்தாறு வாய்க்கு மேல் அவனுக்கு இறங்கவில்லை. மீதியைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவிச் சாம்பல் தொட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். பொழுது சாய்வதற்குள் நூறு கம்பியையும் முறுக்கி, காகிதக் குழலைத் தள்ளி மூடி, அழகாக வரிசைப்படுத்தி வைத்துவிட்டாள். இந்த மாதிரிப் பிணைப்பைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்றான் முனுசாமி. புதன்கிழமை கோதண்டபாணி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, முனுசாமியே ஈயக் குழாயை மூடினான். வியாழக்கிழமை காலையில் நான் லைனைத் திறந்தேன்.

சீரழிந்தது.

பட்டுக்கடைக்குப் போன் செய்து யாரோ பச்சரிசி என்ன விலை என்று கேட்டார்கள். டாக்டர் வீட்டுக்குப் போன் வந்து, மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர் போட்ட புடவை இருக்கிறதா என்றார்களாம். டாக்டர் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார், அவருக்கும் கோபம். லாரி ஷெட்டுக்கு ஒரு போன்: வலி எடுத்துவிட்டது, சீக்கிரம் வாங்க. ஷெட்டில் இருந்த மனுஷர் பதறிப்போய் ஒரு லாரியையே அனுப்பிவிட்டார். நல்ல வேளை, அந்த லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பெண் குழந்தை. அரைமணி நேரம் காகிதத்தில் எழுதிப் பார்த்ததில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஐம்பது ஜோடியும் ஒரு வீடு தள்ளி உட்கார்ந்திருந்தன. இரண்டாம் நம்பர் ஒன்றாம் வீட்டில், மூன்றாம் நம்பர் இரண்டாம் வீட்டில். என் முதல் ஜோடி எங்கேயோ கடைசியில் போய் மாட்டிக்கொண்டிருந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கோதண்டபாணி குழியை மண் போட்டு மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். தோளிலிருந்து இழுத்து விட்ட துண்டுக்குள் இரண்டு கையையும் வைத்திருந்தான். மேலதிகாரி வந்தால் கையை வெளியே எடுக்கக்கூடத் தெரியாதா என்று அதற்கே எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்கு ஒன்னு ரெண்டு எண்ணத் தெரியுமா, தெரியாதா?"

"இன்னா சார்?"

"ஊரே ஒரு வீடு தள்ளிப் பேசிட்டிருக்கு. நான் ஒன்னுலேர்ந்துதானே வண்டு விட்டேன்? நீ எங்கேருந்து எண்ணினே? ஒன்பது வருஷமா என்னத்தைக் கிழிச்சே? இந்த லட்சணத்துல பர்மனென்ட் வேற வேணும் உனக்கு."

அவன் முகம் வெளுத்துப் போனது.

"எந் தப்புதான் சார்."

"சார், அண்ணன் மேல..." என்று முனுசாமி ஆரம்பித்தான்.

"டேய், நீ சும்மா இரு" என்றான் கோதண்டபாணி. பிறகு என்னைப் பார்த்து, "எந் தப்புதான் சார். திருப்பித் தோண்டி அறுத்துப் பிணைச்சுடறேன். ரெண்டு நாள் டைம் குடு சார்" என்றான்.

பூக்கடைக்காரர்கள், வண்டிக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இனிமே உன்னைத் தொட விட்டாத்தானே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று மத்தியானமே யேசுதாஸ் சாருக்கு இங்கிலீஷில் ஒரு ரிப்போர்ட் எழுதினேன். அஜாக்கிரதை, கவனக்குறைவு, தகுதியில்லை. நல்ல இங்கிலீஷ். உறையில் போட்டு ஒட்டி, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் போகிற தபால் பைக்காக மேஜையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு செல்லியம்மாள் வந்தாள். அதற்கு முன் நான் அவளைப் பார்த்ததில்லை. ஒல்லியாக, உயரமாக, செவிலிமேட்டிலிருந்து நடந்தே வந்த காலில் முழங்கால்வரை சேறு. வாசலிலேயே சேற்றைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"நான் கோதண்டபாணி சம்சாரம் சார்."

"அவனுக்காகப் பேச வந்தியா? அதெல்லாம் வேண்டாம்மா. ரிப்போர்ட் எழுதியாச்சு."

அவள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். அதிலிருந்து ஒரு காகிதச் சீட்டை எடுத்து, ஈரம் படாமல் இரண்டு விரலால் பிடித்து என் மேஜைமேல் வைத்தாள். கோதண்டபாணியின் கையெழுத்தில் ஐம்பது என்று எழுதியிருந்தது.

"இது மிஞ்சிப் போச்சு சார். அன்னிக்கே மிஞ்சுதேன்னு பார்த்தேன். ஒன்னு கூட எழுதிட்டாரு போலருக்குதுன்னு பையில போட்டுக்கினேன். ராத்திரி அவரு, எல்லாம் ஒன்னு தள்ளிப் போச்சுன்னு சொன்னப்பதான் எனக்குத் திக்குனு ஆயிடுச்சு."

"நீ எங்கே அங்கே வந்தே?"

"நான்தான் சார் பிணைச்சேன்."

சட்டி வெடித்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அழவில்லை. வெந்த கையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றானே, அவனை என்னவெல்லாம் பேசினேன். ஆனால் கோபக்காரனுக்கு வெட்கம் வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"எல்லாம் சரி. எண்ணத் தெரியாதா உனக்கு?"

"மூனாவது படிச்சிருக்கேன் சார். எண்ணத் தெரியும். முதல்ல கெடச்சதுக்கு மஞ்சக் கயிறு கட்டி லாபம்னு உட்டேன். அடுத்ததுக்கு ஒன்னாம் நம்பர் சீட்டு கட்டினேன்."

லாபம். மழைச் சத்தத்துக்குப் பின்னால் கேட்ட அந்தக் குரல்.

"லாபம்னா அதுதானேம்மா ஒன்னு? எங்கம்மா படியில அரிசி அளக்கும்போது லாபம், ரெண்டு, மூணுன்னுதான் அளப்பா."

"எங்க வூட்லயும் நெல்லுக்கு அப்படித்தான் சார். தறிக்கு வேற. வடிவாம்பாள் அம்மா வூட்ல முதல் இழை வரதருக்கு. அத லாபம்னு சொல்லி உட்டுடணும், கணக்குல சேர்த்தா சாமி பங்குல கைய வெச்ச மாதிரி. அதுக்கு அடுத்த இழைதான் ஒன்னு. பதினோரு வருசமா அப்படியே எண்ணிக்கினு கை பழகிப் போச்சு. வாயில லாபம்னு வந்துச்சு, கை அதுபாட்டுக்கு அடுத்ததுல ஒன்னு கட்டிடுச்சு."

"அவன் பக்கத்துல இருந்தானே, கேக்கலியா?"

"நான் லாபம்னு சொன்னத கேட்டாரு சார். தலைய ஆட்டினாரு. அவரு காதுல உழுந்தது நெல்லு லாபம். நான் சொன்னது தறி லாபம். அதுக்கு மேல சீட்ட பார்க்கற தெம்பு அவருக்கு இல்ல."

மிச்சம் நின்றதை மிச்சத்தோடு பிணைத்திருக்கிறாள். வரதருக்கு விட்ட ஜோடி தெருவின் கடைசி ஜோடியோடு சேர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒன்றும் பாக்கியில்லை, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மேஜைமேல் இருந்த உறையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல அவரு பேரு இருக்குதா சார்?"

"இருக்கு."

"எம் பேரு?"

"இல்ல."

"அப்ப இது தப்பு சார். தப்பு பண்ணவ பேரு இல்லாம தப்ப எழுதியிருக்கீங்க. என் பேர எழுதுங்க. செல்லியம்மாள், செவிலிமேடு."

"உன் பேரை எழுதினா அவன் வேலை இன்னைக்கே போயிடும். வெளியாள் இலாகா கேபிளைத் தொட்டதுக்கு."

"அதான் சார் அவரும் சொன்னாரு. வாயத் தொறக்காத, ரெண்டு பேருக்கும் போயிடும்னாரு. நான் தறிக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்துக்கினேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "நான் பண்ணதுக்கு அவரு தெருவுல நின்னு பேச்சு கேட்டாரு சார். வூட்டுக்கு வந்து என்னை ஒரு வார்த்த கேக்கல. அதுதான் எனக்குத் தாங்கல."

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். இனி என்ன செய்வது? குழியைத் தோண்டி, ஈயத்தை அறுத்து, மறுபடி நூறு கம்பியையும் பிரித்துப் பிணைப்பதென்றால் ஊருக்கே தெரியும். கை வெந்தவனால் முடியாது. யேசுதாஸ் சார் புதன்கிழமை வருகிறார்.

"திருப்பி அறுக்கணும்மா" என்றேன்.

"ஏன் சார் அறுக்கணும்? பாவு கோக்கறப்ப ஒரு இழை தள்ளிப் போச்சுன்னா நாங்க பாவ அறுக்க மாட்டோம். பிணைச்சது பிணைச்சபடி இருக்கட்டும்னு, இந்தண்டை அச்சுல ஒரு பல்லு தள்ளிக் கோத்துடுவோம். இந்தக் கம்பிக்கு இந்தண்டை முனை எங்க இருக்குது?"

பதினான்கு வருஷ சர்வீஸ். இது எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் தப்பு குழியில் நடந்தது, குழியில்தான் திருத்த வேண்டும் என்று கோபம் சொல்லிக்கொண்டே இருந்தது. அவளைப் பின்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். தரையிலிருந்து மேலே ஏறி வருகிற கேபிள், ஐம்பது ஜோடியாகப் பிரிந்து, இரும்புச் சட்டத்தில் வரிசையாக ஐம்பது பல்லில் உட்கார்ந்திருந்தது. அவள் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அச்சு மாதிரியேதான் இருக்குது சார்."

ஒவ்வொரு ஜோடியையும் எடுத்து ஒரு பல் முன்னால் தள்ள வேண்டும். இரண்டு ஒன்றுக்கு, மூன்று இரண்டுக்கு. முதலில் இருப்பதைக் கொஞ்சம் கம்பி சேர்த்து நீட்டிக் கடைசிக்குக் கொண்டுபோக வேண்டும். பியூனை அனுப்பி, தெரு முக்கில், கேபிள் வீடுகளுக்குப் பிரிகிற இரும்புப் பெட்டியண்டை கோதண்டபாணியையும் முனுசாமியையும் ஹெட்போனோடு உட்காரச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. நான் பற்ற வைக்கிற இரும்பால் ஈயத்தை உருக்கி விடுவது, அவள் எடுத்து அடுத்த பல்லில் முறுக்குவது, நான் பற்ற வைப்பது. டெலிபோன் போர்டில் இருந்த பெண்கள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்த ஒருத்தியை நான் முறைத்த முறைப்பில் பிறகு யாரும் வரவில்லை.

முதல் பல்லில் புது ஜோடியை முறுக்கிவிட்டு வண்டுப் பெட்டியை அவளே மாட்டினாள். பேசுகிற கருவியை அவள் கையில் கொடுத்தேன்.

"சொல்லும்மா. அவன் கேக்கறானா பார்க்கலாம்."

அவள் தயங்கினாள். "முதல்ல இருக்கறத இன்னான்னு சொல்லட்டும் சார்? ஒன்னுன்னு சொல்ல வாய் வரல."

"லாபம்னே சொல்லு. ஆனா அதுக்கு அடுத்தது ரெண்டு. இது தறி இல்ல, நெல்லு மாதிரி நினைச்சுக்கோ. சாமியும் கணக்குல இருக்கட்டும், தள்ளி உக்கார வைக்க வேண்டாம்."

அவள் கருவியை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள்.

"லாபம்" என்றாள்.

"செல்லி?" கோதண்டபாணியின் குரல் எனக்கே கேட்டது. "நீ எங்க இருக்கற?"

"எக்ஸ்சேஞ்சுல."

"ஐயய்யோ. இன்னா சொன்ன அவருகிட்ட?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவரு இங்கதான் குந்திக்கினு பத்த வெச்சுக்கினு இருக்காரு. வண்டு கேக்குதா?"

அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் முனுசாமி ஏதோ கேட்டான்.

"கேக்குது செல்லி."

"நெழலா, வண்டா?"

"வண்டுதான். நல்லா கேக்குது."

"அப்ப ரெண்டு உடட்டுமா?"

"உடு" என்றான். அந்த ஒரு சொல்லை அவன் அழுதுகொண்டே சொன்னான்.

ஐம்பதும் முடிக்கையில் மணி இரண்டே முக்கால். நடுவில் டீயும் போண்டாவும் வரவழைத்தேன்; அவள் போண்டாவில் பாதியைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள். எதற்கென்று கேட்கவில்லை. மூன்று மணிக்குத் தபால் பைக்காரன் வந்தபோது மேஜைமேல் உறை இல்லை. அதை நான் கிழிக்கும்போது அவள் பார்க்கவில்லை, குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். போகும்போது, "அவரு கைக்கு இன்னா மருந்து சார் போடலாம்?" என்றாள். நான் டாக்டருக்குப் போன் செய்தேன். போன் சரியாக டாக்டர் வீட்டில்தான் அடித்தது. அவரே மருந்தின் பேரைச் சொன்னார், புடவைக் கேள்வி கேட்டவன் யார் என்றும் விசாரித்தார்.

கோதண்டபாணியிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்பீர்கள். சனிக்கிழமை செவிலிமேட்டுக்குப் போனேன். வாய் திறந்து கேட்க எனக்குத் தெரியவில்லை. அவன் கையைப் பார்த்தேன், அவன் என் முகத்தைப் பார்த்தான். "மழ உட்டுடுச்சு சார்" என்றான். "விட்டுடுச்சு" என்றேன். செல்லியம்மாள் அடுப்படியிலிருந்து கேழ்வரகு அடை கொண்டுவந்து வைத்தாள். நாலு தின்றேன்.

புதன்கிழமை யேசுதாஸ் சார் வந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர், கறுப்பாக, உயரமாக, சிரிக்காத முகம். எக்ஸ்சேஞ்சில் சட்டத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வண்டுப் பெட்டியை அவரே கையில் எடுத்தார். முக்கில் இரும்புப் பெட்டியண்டை கோதண்டபாணி. அவன் கையில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது; ஊசியைப் பிடிக்கிற அளவுக்கு மடங்கும்.

சார் முதல் பல்லில் பெட்டியை மாட்டிவிட்டுக் காத்திருந்தார்.

லைனில் கோதண்டபாணியின் குரல் வந்தது. "லாபம்."

பாவி, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒன்று என்று சொல்லக்கூடாதா? யேசுதாஸ் சார் கருவியைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி வாயருகே கொண்டுபோனார்.

"சரிடே" என்றார். "ரெண்டு போடுதேன், கேளு."

அவரும் நெல் அளந்த வீட்டுப் பிள்ளை என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஐம்பதும் சரியாக இருந்தன. நாற்பதுக்கு மேல் போகப்போக, கோதண்டபாணியின் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரலும் மெல்லக் கூடவே எண்ணிக்கொண்டு வந்தது எனக்குக் கேட்டது. நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, அம்பது. யேசுதாஸ் சார் பெட்டியைக் கழற்றி வைத்தார். பேனாவை எடுத்து உத்தரவில் பேரை எழுதி, கையெழுத்துப் போட்டு, மையை ஊதினார்.

"ரெண்டு பேரு எண்ணின மாதிரி கேட்டுது" என்றார்.

நான் வண்டுப் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

"ஆர்டர்ல ஒரு பேருதான் எழுத இடம் இருக்கு ராஜகோபால்" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து, எக்ஸ்சேஞ்சின் கேபிள் ரிஜிஸ்தரைத் திறந்தேன். ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு வரி உண்டு: தேதி, இடம், எத்தனை ஜோடி, பிணைத்தவர். கடைசிக் கட்டத்தில் கோதண்டபாணி என்று எழுதி, அதற்குக் கீழே இருந்த கொஞ்சம் இடத்தில் செல்லியம்மாள், செவிலிமேடு என்றும் எழுதினேன். அதன் பக்கத்தில் அந்த ஐம்பதாம் நம்பர் சீட்டைப் பசை தடவி ஒட்டினேன். பேனாவால்தான் எழுதினேன், அழிக்க முடியாதபடி.